ஊர், சேரி, சதுர அடி

(நில உரிமை குறித்து மாணவர்கள் நடத்திய ஒருநாள் வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி போனில் சொன்னது இதுதான்: "அண்ணே, புறநகர் வளர்ச்சியும் தலித் மக்களும்னு ஒரு தலைப்பு. உங்க ஊரு கோவிலம்பாக்கம்தானே, அதையே வச்சுப் பேசுங்க." சரின்னுட்டேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அங்க ஒரு ஃபிளாட் இப்ப என்ன வெல போவுதுண்ணே?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோவிலம்பாக்கம் என்றால் இன்றைக்கு யார் வாயிலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். அங்கே யார் இருந்தார்கள், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. 1992 முதல் பன்னிரண்டு வருஷம் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளாக வேலை பார்த்தவன். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி வருவது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, நான்கெல்லை எழுதுவது, கைநாட்டு வைக்கிறவர் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது, இதெல்லாம் என் வேலை. எங்கள் பக்கத்து நிலம் கைமாறியதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். கைமாற உதவியும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பரங்கிமலையிலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில் கீழ்க்கட்டளை, ஈச்சங்காடு தாண்டினால் கோவிலம்பாக்கம். அப்புறம் வெள்ளக்கல், மேடவாக்கம் கூட்ரோடு. ஒரு பக்கம் நன்மங்கலம் காடு. இன்னொரு பக்கம் நாராயணபுரம் ஏரி, அதற்கு அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். என் சின்ன வயசில் இது நெல் விளைந்த ஊர். எங்க ஆயா நடவுக்குப் போனவர். எங்க நைனா கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர். ஆயாவுக்குக் கூலி நெல்லாக வந்தது, நைனாவுக்கு வாரக்கூலியாக வந்தது. ரெண்டு பேருக்குமே நிலம் கிடையாது. ஆனால் நிலத்தின் ஒவ்வொரு வரப்பும் அவர்கள் காலுக்குத் தெரியும்.

பிறகு என்ன நடந்தது? 1984-ல் தாம்பரத்தில் மெப்ஸ் வந்தது. 2000-த்தில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலை கம்ப்யூட்டர் சாலையாக மாறியது. 2007-ல் வேளச்சேரிவரை பறக்கும் ரயில் வந்தது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கிற 200 அடி சாலை எங்கள் ஊர் வழியாகப் போனது. இப்போது மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதைக்கு எங்கள் சாலையில் தூண்கள் எழும்புகின்றன. ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனி, நடுவில் நாங்கள். நிலத்துக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஒன்றைக் கவனியுங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மடிப்பாக்கம் உள்ளே போனது, பள்ளிக்கரணை உள்ளே போனது. கோவிலம்பாக்கத்தை வெளியே விட்டார்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அதிலும் எங்களைச் சேர்க்கவில்லை. விலையில் நகரம், நிர்வாகத்தில் கிராம ஊராட்சி. இது ஏதோ தற்செயலான நிர்வாகக் கோளாறு மாதிரி தெரியும். இதனால் யாருக்கு லாபம், யார் உடம்புக்கு நட்டம் என்று பின்னால் பார்ப்போம்.

இனி கொஞ்சம் பழைய கதை. பழைய கதை தெரியாமல் இன்றைய விலை புரியாது.

செங்கல்பட்டு மாவட்டம் மிராசு முறை இருந்த மாவட்டம். வேளாளரும் பார்ப்பனரும் பிற ஆதிக்கச் சாதியினருமாக மிராசுதாரர்கள் ஊரின் விளைநிலத்தை மட்டும் கையில் வைத்திருக்கவில்லை. தரிசும், புறம்போக்கும், குடியிருக்கிற நத்தமும்கூட எங்களுக்குப் பாத்தியம் என்றார்கள். சேரியில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்தக் குடிசை நின்ற மண் சொந்தமில்லை. படியாளாக வேலை செய்கிறவரை இருக்கலாம்; மறுத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசு நிலத்தை அரசாங்கத்திடம் தர்க்காஸ்து கேட்டால், முதல் உரிமை மிராசுதாரனுக்கு. நம் ஆள் மனு போட்டால் அவன் வந்து "எனக்கு வேணும்" என்பான். அவனுக்கே போய்விடும்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் அன்றைக்குச் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர். 1891-ல் அவர் கொடுத்த அறிக்கை நம் மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றியது. இவர்களுக்குக் குடியிருக்க மனை சொந்தமாக வேண்டும், உழ நிலம் வேண்டும், அப்போதுதான் அடிமைத்தனம் ஒழியும் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ந் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறது அங்கிருந்து பிறந்தது. நிபந்தனை என்ன? பத்து வருஷம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் விற்கலாம். வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு.

வெள்ளைக்காரன் கருணையால் கொடுத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷனரிகள் மனு எழுதினார்கள். நம்மவர்களும் பேசத் தொடங்கிவிட்ட காலம் அது. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிற பரங்கிமலையில் 1883-ல் பிறந்தவர் எம்.சி.ராஜா. இந்த மண்ணில் நிலம் கேட்ட குரலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1997. என் பெரியப்பா, அதாவது நைனாவின் ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தார். ஊர்ப் பேர் வேண்டாம். அவருக்கு 40 சென்ட் நிலம், அவருடைய தாத்தா காலத்து நிலம். மானாவாரி, வேர்க்கடலை போடுவார். மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கின கடன் கழுத்தை நெரித்தது. ஒரு புரோக்கர் வந்தார். "பெருசு, நீ விக்க வேணாம். எனக்குப் பவர் மட்டும் குடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். பெரியப்பா நேராக என்னிடம் வந்தார். "பத்திர ஆபீசுல இருக்கற பையன் நீ. சரியான்னு பாத்துச் சொல்லுடா."

நான் பார்த்தேன். வில்லங்கம் போட்டேன், ஒன்றுமில்லை. பட்டா அவர் பேரில், அ-பதிவேட்டில் ரயத்துவாரி என்று இருந்தது. "சரிதான் பெரியப்பா" என்றேன். பவர் பத்திரத்தை எழுதியது நான். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தியதும் நான். கைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது. கடன் போக மிச்சத்தில் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார். ஒரே வருஷத்தில் அந்த நிலம் பக்கத்து நிலங்களோடு சேர்ந்து மனைப்பிரிவாகிக் கல் நட்டாகிவிட்டது.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2009-ல் தோழர்களோடு சேர்ந்து அந்த ஊரின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கு மனு போட்டோம். நகல் வர ஏழு மாசம் ஆனது. அதில் பெரியப்பாவின் சர்வே எண்ணைத் தேடினேன். கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், ரெண்டு எழுத்து: டி.சி. ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம் என்பதற்கான அடையாளம். அந்த ரெண்டு எழுத்து 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பிறகு வந்த பதிவேட்டில் இல்லை. எழுதும்போது விட்டார்களா, விடச் சொன்னார்களா, தெரியாது. நான் 1997-ல் பார்த்தது அந்தப் புதிய பதிவேட்டைத்தான்.

தோழர்களே, நிலத்தைப் பறிப்பதற்கு எப்போதும் அருவாள் வேண்டியதில்லை. ஒரு குமாஸ்தா நகல் எடுக்கும்போது ரெண்டு எழுத்தை விட்டால் போதும். அதைச் சரிபார்க்காமல் "சரிதான்" என்று சொல்ல நம்ம வீட்டிலேயே படித்த பையன் ஒருத்தன் இருந்தால் போதும். அந்தப் பையன் நான். பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "அப்பவே தெரிஞ்சிருந்தாலும் கடன்காரன் விட்டிருப்பானாடா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதிலில்லை.

பஞ்சமி நிலம் கேட்டவர்களுக்கு அரசு என்ன பதில் கொடுத்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருப்போரூர்ப் பக்கம் காரணை. பறிபோன பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்றே வருஷத்தில், அதே மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் குறிப்புக் கட்டத்தைப் பார்க்காமல் பத்திரம் எழுதியிருக்கிறேன். வருஷா வருஷம் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனவன்தான் நான். ஆனால் போராட்டம் வேறு, பிழைப்பு வேறு என்று இருந்துவிட்டேன்.

சரி, சந்தை எப்படி வேலை செய்கிறது? அளவைப் பாருங்கள். விவசாயியிடம் வாங்கும்போது ஏக்கர் கணக்கு. மனையாக விற்கும்போது கிரவுண்டு கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு ஏக்கரில் 43,560 சதுர அடி, அதாவது பதினெட்டு கிரவுண்டு சொச்சம். ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் போக மிச்சம்தான் மனை. ஃபிளாட்டாக விற்கும்போது சதுர அடிக் கணக்கு. ஒரே மனைமேல் நாலு மாடி, ஆறு மாடி. வாங்குகிறவருக்கு மண்ணில் பிரிக்கப்படாத பங்கு கொஞ்சம், மீதியெல்லாம் ஆகாயம். அளவு சின்னதாக ஆக விலை பெரிசாகிறது. அந்தப் பெருக்கத்தில் ஒரு காசும் முதலில் ஏக்கர் கணக்கில் விற்றவனுக்குத் திரும்பாது.

நமக்கு மட்டும் எப்போதும் சென்ட் கணக்கு. அரசு கொடுக்கிற இலவச மனை கிராமத்தில் 3 சென்ட், அதாவது 1,300 சதுர அடி. அதைக் கொடுக்கவும் 1978-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது, அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கிற சட்டம். அதன்படி நோட்டீஸ் விட்டால், நிலக்காரன் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்குவான். ரோட்டுக்கு நிலம் எடுத்தால் இழப்பீடு எவ்வளவு என்று கேட்பான். சேரிக்கு எடுத்தால் மட்டும் ஏன் என் நிலம் என்று கேட்பான். பக்கத்தில் சேரி வந்தால் மனை விலை இறங்கும் என்பது புரோக்கர் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம். சாதிக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் புரோக்கர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். "சார், இது கிளீன் ஏரியா" என்பார். அந்தக் 'கிளீன்' என்ற சொல்லுக்கு அகராதியில் அர்த்தம் தேடாதீர்கள்.

2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. ரோடு எவ்வளவு அகலம், நீர்நிலையா, கட்டணம் கட்டியாச்சா என்று கேள்வி கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். 1892-ல் இது யாருக்குக் கொடுத்த நிலம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு மனைக்காரரையும் ஒருவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். ஐ.டி. வேலைக்காரர்கள், வங்கி அதிகாரிகள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வீடு வாங்கி வைத்தவர்கள். இவர்கள் ஃபிளாட்டுக்குள். ஃபிளாட்டைக் கட்ட ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைக்குள். 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்ததே, 61 பேர் செத்தார்களே, அவர்கள் இந்தத் தகரக் கொட்டகைக்காரர்கள்தான். எங்கள் சேரிப் பெண்கள் காலையில் ஃபிளாட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். நடவு நட்ட கை இன்று பாத்திரம் தேய்க்கிறது. எங்கம்மா வேலை பார்த்த ஒரு குடியிருப்பில் வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட். "எதுக்கும்மா தனியா?" என்றேன். "நாம ஏறுனா அவங்களுக்குக் குளிர் வுட்டுப்போயிடுமாம்" என்று சிரித்தார். ஊர்க்கிணறு போய் லிஃப்ட் வந்திருக்கிறது.

வாடகைக்கு வீடு தேடினால் 'சைவம் மட்டும்' என்று போர்டு. சைவம் என்றால் சாப்பாடு என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. 2015-ல் எகனாமிக் அண்டு பொலிடிக்கல் வீக்லியில் டெல்லி சுற்றுவட்டாரத்தில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. போனில் பேர் சொல்லி வீடு கேட்டார்கள். மேல்சாதிப் பேருக்குக் கிடைத்த வீடு தலித் பேருக்கு மறுக்கப்பட்டது, அல்லது புது நிபந்தனையோடு வந்தது. முஸ்லிம் பேருக்கு இன்னும் மோசம். அதே இதழில் 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் மக்கள் வசதியைவிடச் சாதியால்தான் அதிகம் பிரிந்து வாழ்கிறார்கள் என்று வார்டு கணக்கை வைத்துக் காட்டியது. பாபாசாகேப் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். குடியிருக்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேர் மாற்றித் தங்கி, பதினோராம் நாள் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். நூறு வருஷம் கழிந்தது. தடி போய் அசோசியேஷன் விதி வந்திருக்கிறது.

ஊராட்சியாகவே விட்டதன் விளைவைச் சொல்கிறேன் என்றேன். எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்னாலேயே ஃபிளாட்டுகள் வந்துவிட்டன. அறுபது குடும்பம், நூறு குடும்பம் மலம் எங்கே போகும்? செப்டிக் டேங்குக்கு. டேங்க் நிறைந்தால் லாரி. லாரிக் குழாய் அடைத்தால் ஒரு ஆள் இறங்க வேண்டும். யார் இறங்குவது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் தடைச் சட்டம் வந்தது. செத்தால் 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை. சதுர அடி விலை விளம்பரத்தில் நீச்சல் குளம் இருக்கும், ஜிம் இருக்கும். இந்தச் செலவு இருக்காது. அதை நம் பிள்ளைகள் மூச்சால் கட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம் திரும்புங்கள். மேடவாக்கம் தாண்டிக் கொஞ்சம் போனால் பெரும்பாக்கம். அதற்கப்பால் செம்மஞ்சேரி, கண்ணகி நகர். 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின்னால் செம்மஞ்சேரி, பிறகு எட்டு மாடிப் பெரும்பாக்கம். நகரத்து நடுவில் கூவம், அடையாறு கரைகளில் இருந்த மக்களை, அதில் பெரும்பகுதி நம் மக்கள், லாரியில் ஏற்றிவந்து இங்கே கொட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமெடுத்தது. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லிக் கொண்டுவந்து விட்ட இடமே சதுப்பு நிலத்து ஓரம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு உலக அங்கீகாரம். சந்தோஷம்தான். அதன் கரையில் 400 சதுர அடிக்கும் குறைவான பெட்டிகளில் அடைக்கப்பட்ட மனுசனுக்கு எந்த அங்கீகாரம்? ஒரே தென் புறநகர், ஒரே இருபது வருஷம். வசதியுள்ளவன் 'அமைதியான சூழல்' தேடித் தானாக வருகிறான். நம்மவனைத் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறார்கள். ரெண்டையும் சேர்த்து வளர்ச்சி என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்: "கிராமத்தை விட்டு வெளியேறு என்றுதானே அம்பேத்கர் சொன்னார்? அரசியல் நிர்ணய சபையில் 1948-ல் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அவர் சாடவில்லையா? நெல் வயல் போனதற்கு நீ எதற்கு அழுகிறாய்?"

நான் வயலுக்கு அழவில்லை. அந்த வயலில் எங்க ஆயா குனிந்த முதுகு நிமிரவே இல்லை. ஆண்டே என்று கூப்பிட வைத்த ஊர் அது. அந்த ஊர் செத்ததில் எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கு நம் பையன் ஐ.டி.யில் வேலை பார்க்கிறான், நம் பெண் வங்கியில் இருக்கிறாள். என் மகளே மடிப்பாக்கத்தில் ஃபிளாட்டில்தான் இருக்கிறாள், கடன் போட்டு வாங்கியது. அவள் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் ஹாலில் இல்லை, படுக்கையறையில் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அப்பா, ஓனர்ஸ் மீட்டிங் ஹால்லதான் நடக்கும்" என்றாள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு வீடு கிடைத்திருக்கிறது, ஹால் இன்னும் கிடைக்கவில்லை.

பாபாசாகேப் சொன்ன நகரத்துக்கு நாம் போகவில்லை. நகரம் நம்மிடம் வந்தது. வந்து, ஊரையும் சேரியையும் கலக்கவில்லை. நடுவில் இருந்த களத்துமேட்டை எடுத்துவிட்டு, அங்கே மதில் கட்டியது. ஊர்க்காரன் நிலம் விற்றுக் காம்ப்ளெக்ஸ் கட்டி வாடகை வாங்குகிறான். நிலமில்லாதவனுக்கு விற்க என்ன இருக்கிறது? குடியிருக்கிற நத்தம் மட்டும்தான். இப்போது அதற்கும் புரோக்கர் வந்துவிட்டார். "பெரிய ரோட்டுக்கிட்ட இருக்கு, நல்ல ரேட்டு வரும், தூரமா போயி ரெண்டு மடங்கு இடம் வாங்கிக்க" என்கிறார். எங்கள் தெருவில் நாலு வீடு போய்விட்டது. போனவர்கள் வாங்கிய இடத்திலிருந்து பஸ் பிடித்து அதே ஃபிளாட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறார்கள்.

எவ்வளவு பேர் போனோம், எவ்வளவு பேர் இருக்கிறோம்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் நாம். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 24 பேர், நான்கில் ஒருவர். அதற்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்காமல் தள்ளிக்கொண்டே போனது. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாக வைத்து, சாதியையும் சேர்த்து எண்ணுவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். வெளியாட்கள் வந்து குவிந்த ஊரில் நம் எண்ணிக்கை குறையாவிட்டாலும் விழுக்காடு குறையும். விழுக்காடு குறைந்தால் ஊராட்சியின் தனித்தொகுதிச் சுழற்சி மாறும், நிதி மாறும். அதனால் மக்கள்தொகை என்பது நமக்குப் பள்ளிக்கூடப் பாடமில்லை.

கடைசியாக, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முழக்கம் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் பார்க்கச் சொல்லித்தருகிறேன்.

ஒன்று. உங்கள் ஊரின் இன்றைய அ-பதிவேட்டோடு நிற்காதீர்கள். மேம்பாட்டுக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள். டி.சி. என்று இருக்கிற எண்களை எழுதி, இன்றைக்கு அது யார் பேரில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் நம் ஆயுதம்.

ரெண்டு. சேரி நத்தத்தில் பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். தோராயப் பட்டா வாங்கி மடித்து வைத்துவிட்டு, அப்பா பேரிலேயே விட்டிருப்பார்கள். வாரிசுகள் பேருக்கு மாற்றுங்கள். வீட்டுப் பெண்கள் பேரைச் சேருங்கள். பெண் பேர் இருந்தால் சாராயக்கடை வாசலில் வைத்துக் கைநாட்டு வாங்க முடியாது.

மூன்று. சுடுகாட்டுப் பாதை. புல வரைபடத்தில் அது பாதை என்று இருக்கிறதா என்று பாருங்கள். நடைமுறையில் இருந்து, வரைபடத்தில் இல்லாத பாதையில்தான் முதலில் மதில் எழும்பும். எழும்பின பிறகு பிணத்தை வைத்துக்கொண்டு மறியல் செய்வதைவிட, எழும்புவதற்கு முன்னால் மனு போடுவது மேல்.

நாலு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், அதில் பத்து விழுக்காடு நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் பகுதியில் அந்த மனைகள் எங்கே, யாருக்குப் போயின என்று கேளுங்கள். பதில் வராது. வராத பதிலையும் எழுதி வையுங்கள்.

அஞ்சு. கடன். பெரியப்பாவின் கேள்வி அது. ஒரு லட்சம் கடனுக்காக 40 சென்ட் போகிறபோது, பதிவேடு மட்டும் காப்பாற்றாது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைகொடுக்க நம் பெண்கள் குழுக்கள் ஒரு பொது நிதி வைக்க முடியுமா என்று பேசுங்கள். இயக்கம் இதைச் சின்ன வேலை என்று ஒதுக்கிவிட்டது. கந்துவட்டிக்காரன் ஒதுக்கவில்லை.

பெரியப்பா போன வருஷம் இறந்துபோனார். அவர் நிலம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அந்த வீட்டுக்காரர்களும் கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கு ரெண்டு எழுத்து பற்றித் தெரிந்திருக்காது. அவர்களைத் தெருவில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கைத் தின்றவன் ஒருவன் இருக்கிறான், ரெண்டு எழுத்தைத் தொலைத்த அலுவலகம் ஒன்று இருக்கிறது. அந்த 40 சென்டுக்கு ஈடான நிலத்தை அரசு அந்த ஊர்ச் சேரிக்குக் கொடுக்க வேண்டும். அந்த மனு என் பையில் இருக்கிறது. பெரியப்பா மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த ஊரில் இன்னும் முப்பத்தொரு சர்வே எண் அப்படி இருக்கிறது, முப்பத்தொரு குடும்பத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். சிலர் பெரும்பாக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில் ஏழு மணிக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் நிற்பேன். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டோடு வாங்க.

ஜெய்பீம்.